சித்தன்னவாசல் குன்று யார் வசம்?

இந்தச் சித்தன்னவாசல் குன்று 3-3-1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அன்று சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. ஆனால் இதிலுள்ள சமணர் குகையும் சித்திரமும் இன்று யார் வசம்? டில்லி சர்க்காரின் தொல்பொருள் இலாகா வசம்!

அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணைப்படி பழஞ்சின்னங்கள் மாநிலப் பட்டியலில் உள்ளவையே. ஆனால் பார்லிமெண்டு ‘தேசிய முக்கியத்துவம் உடையது’ என்று சொல்லிவிட்டால் அது மத்தியப் பட்டியலுக்குப் போய்விடும். மாநிலத்தின் சம்மதம் தேவையில்லை! பாகம் பிரிக்கும் அண்ணனே தம்பி பங்கில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாமென்றால் அது என்ன பாகப்பிரிவினை?

2010-ல் டில்லி செய்த சட்டத் திருத்தம், இத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டிடம் கூடாதென்றது; அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டுமென்றது. சித்திரத்தைக் காக்கவேண்டியதுதான், யார் மறுத்தார்கள்? அந்த 100-ஐ 80 ஆக்கவோ 120 ஆக்கவோ நீங்கள் ஓட்டுப் போட்ட சட்டசபைக்கு அதிகாரமில்லையே, அது ஏன்?