மேலும் ஆய்வு தேவை

(நமது குடியிருப்பின் மூத்தோர் கூட்டத்தில் பேசியது)



நான் விஞ்ஞானி இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் மழுப்பல் மொழி எனக்கு அத்துப்படி. "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று நான் எழுதினால், ஃபைல் எங்கே என்று தெரியவில்லை என்று அர்த்தம். ஒரு பென்ஷன்காரருக்கு மூன்று முறை அப்படி எழுதினேன். நான்காவது முறை அவர் நேரிலேயே வந்து, "பரிசீலிக்கிறவரைக் கொஞ்சம் பார்க்கலாமா, சார்?" என்றார். இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இதே கதைதான். 1957-லேயே சி.டி. கிரஹாம் என்ற உலோகவியலாளர் 'மெட்டல் ப்ராக்ரஸ்' பத்திரிகையில் இதற்கு ஒரு கேலி அகராதி போட்டார். என் கைச்சரக்கு கொஞ்சம் கேளுங்கள். "சில அளவீடுகள் தவிர்க்கப்பட்டன" என்றால், அவை சொன்ன பேச்சு கேட்கவில்லை. "பங்கேற்பாளர்கள் வசதி கருதித் தேர்வு செய்யப்பட்டனர்" என்றால், அன்று வகுப்புக்கு வந்திருந்த மாணவர்கள். "மேலும் ஆய்வு தேவை" என்றால், மேலும் பணம் தேவை.

இதில் பெரிய வேடிக்கை 0.05. மருந்தால் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எத்தனை வாய்ப்பு என்று கணக்குப் போடுவார்கள். 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் பாஸ். 1925-ல் வந்த ரொனால்ட் ஃபிஷரின் புத்தகத்தால் பரவிய வழக்கம் இது. 0.06 வந்தால்? நம் பிள்ளை 34 மார்க் வாங்கினால் ஃபெயில் என்கிறோம். அங்கே, "முக்கியத்துவத்தை நோக்கி நகர்கிறது" என்பார்கள். நகர்கிறதாம்! மாத்யூ ஹாங்கின்ஸ் என்பவர் 2013-ல் இந்த மாதிரிச் சொற்றொடர்களைத் தொகுத்தார். சுமார் 500 தேறியது.

தயங்கி எழுதுவதெல்லாம் தப்பு என்று சொல்லமாட்டேன். தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்வது நேர்மை. தோற்றதை ஜெயித்த மாதிரிச் சொல்வதுதான் எனக்கு ஆகாது. ஏனென்றால் அதை நம்பி மருந்து வாங்குகிறவர்கள் நாம்.

போன மாதம் லாபியில் மேஜை போட்டு ஒருவர் மூட்டுவலி எண்ணெய் விற்றார், ஞாபகமிருக்கிறதா? கையில் ஒரு ஆய்வறிக்கை. "வலி குறையும் போக்கு காணப்பட்டது" என்று இருந்தது. எத்தனை பேருக்குத் தடவிப் பார்த்தீர்கள், சும்மா நல்லெண்ணெய் தடவியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 1,200 ரூபாய் கொடுத்தேன்.

பதினைந்து நாள் கழித்து வீட்டுக்காரி, "முட்டி எப்படி இருக்கு?" என்றாள்.

"முன்னேற்றத்தை நோக்கி நகர்கிறது" என்றேன்.