தேர்வு நாளுக்கு முன்பே

  

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உங்கள் கல்லூரியில் என்ன ஏற்பாடு உண்டு என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: சொல்வதை எழுத ஒருவர், கூடுதல் நேரம். இரண்டும் வேண்டியவையே. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளே சொல்லின. ஆனால் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் சேர்த்துக் கொடுக்கும் நாம், அதற்கு முந்தைய 90 வேலை நாள்களில் அந்த மாணவர் எதைப் படித்தார், எப்படிப் படித்தார் என்று கேட்பதே இல்லை. இந்த அவையில் நான் வற்புறுத்த வந்தது இதைத்தான்.

தமிழ்த் துறையையே எடுத்துக்கொள்வோம். பார்வையற்ற மாணவர்கள் விரும்பிச் சேரும் துறைகளில் அதுவும் ஒன்று. அவர்களிடம் இன்று மடிக்கணினி இருக்கிறது. என்விடிஏ என்னும் திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் உருவாக்கிய மென்பொருள் அது; தமிழையும் வாசிக்கும். ஆனால் நாம் கொடுக்கும் பாடக்குறிப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானதாக இருந்தால் என்ன ஆகும்? திரையில் நம் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரியும். கணினிக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில விசைகள். மென்பொருள் அதைத்தான் வாசிக்கும். ஒரு பருவத்தின் பாடம் முழுவதும் பார்வையற்ற ஒரு மாணவியின் காதில் இப்படி விழுந்தால் அவர் எதைப் படிப்பார்? புத்தகப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பும் வழக்கம் இன்னும் கொடியது; படத்தை எழுத்தாக மாற்றித் தராவிட்டால் அங்கே வாசிக்கவே எதுவும் இல்லை. திரைவாசிப்பு மென்பொருள் தமிழாகவே வாசிக்கும் ஒருங்குறியை (யூனிகோடு) 2010இலேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. நம் துறைக் கணினிகளில் மட்டும் பழைய எழுத்துருக்கள் ஏன் இன்னும் குடியிருக்கின்றன?

நூலை இப்படி மாற்றித் தராததற்குப் பதிப்புரிமையைக் காரணம் காட்டுவோரும் உண்டு. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், அச்சில் படிக்க இயலாதவர்களுக்காக நூலை வேறு வடிவில் ஆக்கித் தர இடமளிக்கிறது. இதே நோக்கமுள்ள மராக்கெஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா.

செவித்திறன் குறைந்தோருக்கெனச் சென்னை மாநிலக் கல்லூரியில் தனி வகுப்புகள் உண்டு. பிற கல்லூரிகளில் சேரும் மாணவர் பெரும்பாலும் ஆசிரியரின் உதட்டசைவை நம்பியே உட்கார்ந்திருக்கிறார். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவதை நாம் விட்டாலே அவருக்குப் பாதி வகுப்பு திரும்பக் கிடைக்கும். அதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளில்தான் நாம் மிகவும் தவறுகிறோம். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 ஆயின. கற்றல் குறைபாடும் அவற்றில் ஒன்று. உரிய வசதியை மறுப்பது பாகுபாடு காட்டுவதே என்று அதே சட்டம் வரையறுக்கிறது. இருந்தும் 40 விழுக்காடு குறைபாடு உண்டு என்னும் சான்றிதழ் இருக்கிறதா என்பதே அலுவலகத்தின் முதல் கேள்வி. எழுதும்போது கை இறுகிப்போகும் குறைபாடுள்ள விகாஷ் குமார் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அந்த 40 விழுக்காட்டு வரம்பைக் காட்டி, சொல்வதை எழுதுபவரை மறுக்க முடியாது, என்ன வசதி வேண்டும் என்பதை உரியவரோடு கலந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கலந்து பேசுவது என்பது எளிய வேலை. நாம் செய்யாத வேலையும் அதுவே. சேர்க்கை நாளில் அந்த மாணவரை உட்காரவைத்து, உனக்கு எது தடையாக இருக்கிறது, எது இருந்தால் படிக்க முடியும் என்று கேட்டு, எழுதி, எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் அனுப்பும் பொறுப்பைக் கல்லூரி ஏற்க வேண்டும். இன்று அந்தச் சுமையை மாணவரே தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு பருவமும் ஒவ்வொரு மேசையாக மனுவோடு நிற்கிறார். உள்மதிப்பீட்டுத் தேர்வுக்குச் சொல்வதை எழுத ஆள் தேடி விடுதி விடுதியாக அலைகிறார். அந்த நேரம் அவர் படிக்க வேண்டிய நேரம்.

இப்படி வசதிகள் செய்து கொடுத்தால் தரம் குறையுமே, மற்ற மாணவருக்கு அநீதியாகுமே என்று நல்லெண்ணம் உள்ள ஆசிரியர்களும் கேட்கிறார்கள். வினாத்தாள் அதேதான், திருத்தும் அளவுகோலும் அதேதான். தொல்காப்பியம் தெரியுமா என்று சோதிக்கும் தேர்வு, விரல் வேகத்தைச் சோதிக்க வேண்டியதில்லை.

இங்கே கட்டுரை படிக்க வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். சட்டப் பிரிவுகளை விளக்குவதோடு நிறுத்தாமல், உங்கள் துறையில் இந்த ஆண்டு என்ன செய்தீர்கள், எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். இங்கே வந்திருக்கும் மாணவர்கள் குறுக்கிட்டுத் திருத்தினால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும், அடுத்த பருவத்துக்கான பாடக்குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை வகுப்புகள் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.