திறந்த சந்தையும் அதன் வாயிலும்

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியன் ஒருவன் கடைத்தெருவைப் பற்றிப் பேசுவது வியப்பாகத் தோன்றலாம். கற்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் அரசுப் பணி கிட்டாது. பலர் தொழிலிலும் வாணிகத்திலும் இறங்கியே ஆகவேண்டும். அவர்கள் நுழையவிருக்கும் சந்தையை அறிவதும் கல்வியின் ஒரு பகுதியே.

ஊர்க் கடைவீதியில் நம்மவர் வாடகைக்கு இடம் பிடிப்பது எளிதன்று. சரக்கைப் பார்க்குமுன் விற்பவன் எந்தத் தெருவினன் என்று பார்க்கும் கண்கள் இன்னும் உள்ளன. இணையவழிச் சந்தையிலோ, வாங்குபவர் பையின் தையலைப் பார்க்கிறாரேயன்றித் தைத்தவரின் தெருவைக் கேட்பதில்லை. என் பழைய மாணவர் ஒருவர் தாம் செய்யும் தோற்பைகளை இவ்வழியில் வெளி மாநிலங்களுக்கும் விற்றுவந்தார். ஆகவே, இச்சந்தையைப் பழிக்க நான் வரவில்லை.

ஆனால், ஒரு நாள் அவருடைய பைகள் முதற்பக்கத்திலிருந்து மறைந்து, எவரும் புரட்டிப் பாராத கடைசிப் பக்கங்களுக்குச் சென்றுவிட்டன. காரணம் கூற ஆளில்லை. "ஐயா, ஊரில் என்னைத் தடுப்பவர் யாரென்றாவது தெரியும், இங்கே அதுவும் தெரியவில்லையே!" என்றார் அவர். அச்சொல் என்னை உறங்கவிடவில்லை.

தடையற்ற போட்டியே போதும் என்போர் கூறுவதிலும் உண்மை உண்டு. போட்டியால் விலை குறைகிறது. சிற்றூருக்கும் பொருள் வந்து சேர்கிறது. உரிமமும் அனுமதியும் கோலோச்சிய காலத்தில் அவை செல்வாக்குடையோர்க்கே கிட்டின என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும், சந்தையை நடத்துபவரே அதில் கடையும் விரித்தால், அது போட்டியாகுமா? தேர்வு எழுதும் மாணவனே எல்லோருடைய விடைத்தாளையும் திருத்துவதற்கு அது ஒப்பன்றோ?

அமெரிக்காவில் குவிட்சி என்னும் நிறுவனம் குழந்தைகளுக்கான டயப்பர்களை இணையவழியே விற்றுவந்தது. அமேசான் அதே பொருளின் விலையை நட்டத்தையும் பொருட்படுத்தாது குறைத்தது. தாங்க இயலாத குவிட்சி, 2010இல் அமேசானுக்கே விலைபோக இசைந்தது. 2017இல் அமேசான் அதனை மூடியது. விலை குறைந்தபோது தாய்மார்கள் மகிழ்ந்தனர். ஆனால், போட்டியிட்ட ஒரு கடை இல்லாது போயிற்று. ஆழ்ந்த பணப்பை உடையவர் வெல்வதைத் திறமையின் வெற்றி என்று கூறிவிட முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வழி கண்டது. தம் தளத்தில் விற்பவரை நிறுத்தினாலோ நீக்கினாலோ காரணம் கூறவேண்டும், வரிசைப்படுத்தும் முக்கிய அளவுகோல்களையும் வெளியிடவேண்டும் என்னும் விதி அங்கே 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பிற விற்பனையாளரின் வெளிவராத கணக்குகளைத் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்துவதில்லை என்று அமேசான் அளித்த உறுதிமொழியை 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் சட்டப்படி கட்டுப்படுத்துவதாக்கியது.

நம் நாட்டின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும் பெரிய நிறுவனமாய் இருப்பதைக் குற்றம் என்று கூறவில்லை. அந்த வலிமையைத் தவறாகப் பயன்படுத்துவதையே தடுக்கிறது. அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தை, தனக்குப் பங்குள்ள நிறுவனத்தின் சரக்கை அதே தளத்தில் விற்கலாகாது என்னும் விதி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நோக்கம் நன்று. ஆயினும், தோற்பை தைக்கும் இளைஞர் எளிதில் அணுகும் முறையீட்டு மன்றமும் வேண்டும்.

அரசு விலகிக்கொண்ட இடத்தில் சுதந்திரம் தானே வந்து அமரும் என்பதை அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. அங்கே வலியவரின் ஆணையே அமரும் என்பதை, பொருளியல் கற்ற அம்மேதை 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கென எழுதிய கோரிக்கையில் எடுத்துரைத்தார்.

எனவே, நாம் கேட்பது சலுகை அன்று. சந்தை திறந்திருக்கட்டும், போட்டி நடக்கட்டும். ஆனால், வாயிலில் நிற்பவர் எவராயினும், "ஏன் தடுத்தாய்?" என்று கேட்கும் உரிமை எளியவனுக்கும் இருக்கட்டும். கோயில் வாயிலிலும் பள்ளி வாயிலிலும் நம் முன்னோர் கேட்ட கேள்வி அதுவே. மாணவச் செல்வங்களே, கணக்கையும் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். அக்கேள்வியை உரிய இடத்தில் கேட்பதற்கு அவை இரண்டும் வேண்டும்.