சுவருக்கும் மூச்சு வேணும்!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! சுண்ணாம்பைக் கண்டாலே முகம் சுளிக்கும் எதிரணி நண்பர்களே! தருமபுரி மாவட்டத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

பழைய வீட்டுக்கு அழகு சேர்ப்பது புதுப் பூச்சா, பழைய சுண்ணாம்பா என்பது தலைப்பு. நான் சுண்ணாம்புக் கட்சி. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்னு பெரியவங்க சொன்னாங்க" என்றார். ஐயா, வீட்டுவேலை, கல்யாண வேலை ரெண்டையும் ஒரே வருஷத்துல இழுத்துப் போட்டுக்கிட்ட குடும்பம் எங்க குடும்பம்! (சிரிப்பு)

பென்னாகரம் பக்கத்துல எங்க பூர்வீக வீடு. ஒன்றரை அடி மண் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு, வாசல்ல திண்ணை. பொங்கல் வருதுன்னா எங்க ஆயா கல் சுண்ணாம்பைத் தொட்டியில போட்டுத் தண்ணி ஊத்தும். அது கொதகொதன்னு கொதிக்கும். "கிட்ட வராதீங்கடா, கண்ணுல தெறிச்சாப் பார்வை போயிடும்"னு விரட்டும். ராத்திரி முழுக்க ஊறவிட்டு, துணியில வடிகட்டி, துளி நீலம் கலந்து அடிச்சா, மறுநாள் வீடு பளிச்சுனு சிரிக்கும்.

அண்ணன் மகளைப் பொண்ணு பார்க்க வர்றதாச் சேதி வந்தது. அண்ணன் அப்பாகிட்ட போனார்.

"அப்பா, ஊரே கலர் கலரா வீடு கட்டிடுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நம்ம சுவத்தைப் பார்த்தா என்ன நெனைப்பாங்க?"

"அவங்க பொண்ணைக் கட்டப் போறாங்களா, சுவத்தைக் கட்டப் போறாங்களா?" (கைதட்டல்)

அண்ணன் கேட்கவில்லை. சுண்ணாம்பைக் கொத்தி எடுத்தார். சிமெண்ட் பூசி, ரோஸ் கலர் பெயிண்ட் அடித்தார். உண்மையைச் சொல்லணும், கல்யாண போட்டோவுல வீடு பிரமாதமா இருந்தது!

ரெண்டு மழைக்காலம் போச்சு. பூச்சு அங்கங்கே உப்பியது. ஓர் ஐப்பசி ராத்திரி, திண்ணைக்கு மேலே இருந்த பூச்சு பலகை பலகையாப் பெயர்ந்து விழுந்தது. எங்கப்பா தினமும் தலை வெச்சுப் படுக்கிற இடம் அது. சாரல் அடிக்குதுன்னு அன்னைக்கு மட்டும் உள்ளே படுத்திருந்தார். விடிஞ்சதும் சுவத்துல கையை வெச்சுப் பார்த்தார். பிசைஞ்ச மாவு மாதிரி மண்ணு கையோட வந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசல. அண்ணன்தான் அழுதார்.

ஏன் இப்படி ஆச்சு? மண் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பில் நுண்ணிய துளைகள் உண்டு. அந்த ஈரம் அதன் வழியே காற்றில் போய்விடும். அதுதான் சுவர் விடுகிற மூச்சு. சிமெண்ட்டும் பெயிண்டும் அந்த மூச்சை அடைத்துவிடும். மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சிமெண்ட் வளைந்து கொடுக்காது, விரியும். விரிசலில் மழைத்தண்ணி இறங்கும், வெளியே வர வழி இருக்காது. செங்கல்லும் சிமெண்ட்டுமாக் கட்டின வீட்டுக்கு சிமெண்ட் பூசுங்க, நான் குறுக்கே வரல. மண்ணு வீட்டுக்குப் பூசாதீங்க!

எதிரணிச் சகோதரி கேட்டார், "தஞ்சைப் பெரிய கோயிலிலேயே சோழர் ஓவியத்து மேல நாயக்கர் காலத்துல புதுசா வரையலையா?" வரைஞ்சாங்க அம்மா. ஆனா அவங்க பூசினதும் சுண்ணாம்புதான். அடியில் இருந்த சோழர் ஓவியம் பிழைத்துக் கிடந்து, 1931-ல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயில் மண்டபத்துல அண்ணாந்து பாருங்க. அங்கேயும் பழைய ஓவியங்கள் இருக்கு!

சுண்ணாம்பு வருஷா வருஷம் வேலை வைக்கும். ஒத்துக்கிறேன். கலர் வேணுமா? சுண்ணாம்புலேயே காவி கலக்கலாம், மஞ்சக்காவி கலக்கலாம். விரிசலைச் சுண்ணாம்பும் மணலும் குழைச்சு அடைங்க. சுவத்தை நனைச்சுட்டு, மெலிசா மூணு தடவை அடிங்க. காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு, அந்தச் சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகவே மாறிவிடும்.

அண்ணன் சிமெண்ட்டை உடைச்செடுத்தார். அந்தப் பொங்கலுக்கு மட்டையைக் கையில் எடுத்தவர் யார் தெரியுமா? மாப்பிள்ளை! "மாமா, பொண்ணு பார்க்க வந்தப்ப நாங்க சுவத்தைப் பார்க்கவே இல்லை. திண்ணையில உட்கார வெச்சு, தாத்தா தன் கையால மோர் கொடுத்தாரே, அதைத்தான் பார்த்தோம்" என்றார். (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே! சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். யாரோ பார்ப்பார்கள் என்பதற்காகச் சித்திரம் எழுதப் போய், நாங்கள் சுவரை இழக்கப் பார்த்தோம்; அதன் கீழே படுத்திருந்த அப்பாவையும் இழக்கப் பார்த்தோம். ஆகவே சுண்ணாம்பே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.