கோடை மழையும் குளிர்ந்த காற்றும்



சித்திரை மாதத்து மத்தியானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெறுங்காலோடு வரப்பில் நடக்க முடியாது. மாடு வேப்பமர நிழலை விட்டு நகராது. மூணு மணி வாக்கில் கருமேகம் திரண்டு, திடீரென்று சில்லென்று ஒரு காற்று வீசும் பாருங்க, அந்தச் சுகத்துக்கு ஈடே கிடையாது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே காற்று வாங்கிக்கொண்டு நிற்கத் தோன்றும்.

மழை இன்னும் விழவில்லை. குளிர் மட்டும் எப்படி முந்திக்கொண்டு வருகிறது? காலையிலிருந்து காய்ந்த தரை, தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசாகி, ஈரத்தையும் தூக்கிக்கொண்டு மேலே போய் மலைபோல மேகமாக நிற்கிறது. மேகத்திலிருந்து மழை இறங்கும்போது, துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிவிடும். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகி உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறதே, அதே கதைதான். குளிர்ந்த காற்று கனமானது. அது வேகமாகக் கீழே இறங்கி, தரையில் மோதி, நாலு பக்கமும் பரவுகிறது. சில நாள் அரைமணி நேரத்துக்குள் வெப்பம் பத்து டிகிரி கூடக் குறைந்துவிடும்.

ஆகவே அந்தக் காற்று உடம்பில் பட்டால், இடிமேகம் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். தூறல் விழட்டும், அப்புறம் போகலாம் என்று நிற்காதீங்க. மழைக்கு முன்னாலேயே மின்னல் விழும். மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். மூன்று எண்ணுக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், ஒற்றைப் பனை, புளியமரம், மின்கம்பம், கம்பி வேலி இவற்றை விட்டு விலகி, சுவர் வைத்த வீட்டுக்குள் போய்விடுங்கள். கீற்றுக் கொட்டகை காப்பாற்றாது. மாட்டையும் மரத்தடியில் கட்டிவிட்டு வராதீங்க. கடைசி இடி கேட்டு அரைமணி கழித்து வெளியே வரலாம்.

அதுவரை வீட்டுக்குள் இருந்தே மண்வாசனையை அனுபவியுங்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கி வைத்த ஒரு பொருளின் மணம் அது.

25 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குல மழை பெய்தால், ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கணக்கு. காசு செலவில்லாமல் வந்த தண்ணீர். நாலு நாள் வெயில் அடித்தால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மானாவாரி நிலத்தில் கோடை உழவு போட இதைவிட நல்ல நேரம் இல்லை. ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டையாகி, தட்டினால் உதிர வேண்டும். செம்மண் சீக்கிரம் பதத்துக்கு வரும். கரிசலுக்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழுதால் அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்கும். கோரைக் கிழங்கு மேலே வந்து காயும்.

நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இன்னொரு சேதி. சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். உழுதால் மேலே வரும். காக்கையும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். தப்பியவை நல்ல மழைக்குப் பிறகு அந்துப்பூச்சியாகி இரவில் கிளம்பும். அப்போது விளக்குப்பொறி வையுங்கள். ஊர் கூடி வைத்தால்தான் பலன்; ஒருவர் மட்டும் வைத்தால் அக்கம்பக்கத்துப் பூச்சிக்கெல்லாம் அவர் வீட்டு விருந்துதான்!

எள் வயலில் மழைநீர் தேங்கியிருந்தால் அன்றைக்கே வடித்துவிடுங்கள்.