அசரீரியும் வானொலியும்

(கத்திவாக்கத்தில் நடைபெற்ற கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



வானொலியிலும் தொலைக்காட்சியிலும் செய்தி சொல்லுவது எப்படி என்பதே இன்று நான் பேச வந்த விஷயம். இது படித்தவர்கள் காரியம், நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். புராணங்களில் அசரீரி என்று ஆகாயத்தில் ஒரு குரல் பேசும். பேசுவது யார், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டவன் எவனுமில்லை. கும்பிட்டான், கீழ்ப்படிந்தான். அதே புத்தியோடு இன்று நாம் பெட்டியின் முன் உட்காருவோமானால், புராணம் போய்ப் பெட்டி வந்ததே தவிர, அடிமைத்தனம் போனதாகுமா?

2018-ல் உத்தரப் பிரதேசத்தின் துணை முதல் மந்திரியாயிருந்த தினேஷ் சர்மா, பத்திரிகைத் தொழில் மகாபாரதத்திலேயே தொடங்கிற்று என்று சொல்லிச் சஞ்சயனைச் சாட்சிக்கு அழைத்தார். சஞ்சயன் சொன்னதைக் கேட்டவன் ஒரே ஒரு ராஜா. அவனுக்கும் கண் தெரியாது. சரிபார்க்க ஆளில்லாத பேச்சுக்குச் செய்தி என்றா பெயர்?

உண்மையான சரித்திரம் இதுதான். 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னையில் ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கிற்று. பணமில்லாமல் 1927-ல் நின்றது. 1930-ல் சென்னை நகரசபை எடுத்து நடத்திற்று. 1938-ல் ஆல் இந்தியா ரேடியோ நிலையமும், 1975-ல் தொலைக்காட்சியும் வந்தன. இவற்றில் எதற்காவது எந்தத் தேவனாவது ஒரு முழம் கம்பி கொடுத்தானா?

நிற்க, சாதனம் வந்துவிட்டதாலேயே அறிவு வந்துவிடாது. 1995 செப்டம்பர் 21-ந் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடெங்கும் வதந்தி பரவிற்று. தொலைக்காட்சிகள் கரண்டியைக் காட்டின. பால் குறைவதைக் காட்டின. சிலையின் அடியைக் காட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும்! கரண்டியிலுள்ள பாலைக் கல் தொட்டதும், திரவத்தின் மேற்பரப்பு இழுவிசையால் அது கல்லில் பரவி மெல்லிய படலமாய் வழிகிறது. விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து காட்டியபோது, அது வழிந்த தடம் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆகவே, படமெடுப்பவன் அதிசயத்தைக் காட்டினால் போதாது. அதன் அடியையும் காட்டவேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு தெருவில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட இரவில் ஜனங்களுக்கு வேண்டியது என்ன? என்ன வாயு, எங்கிருந்து வருகிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்தப் பக்கம் போகவேண்டும் என்பவைதான். இதைச் சரியாகச் சொன்னால் உயிர் பிழைக்கும். தப்பாய்ச் சொன்னால் காற்றுக்குக் குறுக்கே ஓடவேண்டியவன் அதனோடேயே ஓடி மாள்வான்.

ஆதலால் சட்டைப்பையில் போன் வைத்திருக்கும் ஒவ்வொரு இளைஞனும், இளம்பெண்ணும் சில விஷயங்களைப் பழகவேண்டும். வானொலி கேட்பவன் பத்திரிகை படிப்பவனைப்போல் திரும்பிப் பார்க்க முடியாது. ஆகையால் வாக்கியம் சிறிதாயும், ஒரு வாக்கியத்துக்கு ஒரே சங்கதியாயும் இருக்கட்டும். மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். எழுதியதை முதலில் உரக்கப் படித்துப் பாருங்கள். நாக்கு இடறும் இடத்தை மாற்றுங்கள். படமெடுக்கும்போது முதலில் தூரத்திலிருந்து இடத்தையும், பிறகு மனிதர்களையும், அப்புறம் கிட்டத்தில் கையையும் பொருளையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்து வினாடி அசையாமல் நில்லுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

இவற்றைவிட முக்கியமானது, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் விசாரிப்பது. மீனவரையும் கேளுங்கள், கம்பெனியையும் கேளுங்கள், அதிகாரியையும் கேளுங்கள். நமக்கு வேண்டியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றும் உண்மையாகிவிடாது. நான் சொல்வதையும் அப்படியே சோதித்துப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அசரீரி ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது ஒன்றுதான்!