சொட்டும் குழாய்

பெங்களூரில் நம் இல்லங்களுக்கு வரும் காவிரி நீர், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரெகாடனஹள்ளியிலிருந்து மூன்று கட்டங்களாக ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருவதாகும். அந்நீர் நொடிக்கு ஒரு சொட்டாக ஒழுகினும் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள் வீணாகும்.

திருகுக் குழாயில் பெரும்பாலும் பழுதாவது உள்ளிருக்கும் ரப்பர் வாஷரே. முதலில் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, எஞ்சிய நீரை வடித்துவிடுங்கள். ஸ்பானரால் மேற்பகுதியைக் கழற்றி, தண்டின் அடியிலுள்ள தேய்ந்த வாஷரை நீக்கி, அதே அளவுள்ள புதியதைப் பொருத்துங்கள். மேற்பகுதியை மீண்டும் முறுக்கியபின் வால்வை மெல்லத் திறவுங்கள். பின்னும் ஒழுகினால், வாஷர் அமரும் விளிம்பு அரிக்கப்பட்டிருக்கலாம். அப்போது குழாய் வேலை அறிந்தவரை அழைத்தல் நன்று.

2024 கோடையில் குடத்துடன் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோர் ஒரு சொட்டின் அருமையை நன்கறிவர். குடகில் பிறந்து தஞ்சை வயல் வரை செல்லும் ஆற்றின் நீரன்றோ அது! அதனைக் காப்பது இரு மாநிலத்திற்கும் நாம் ஆற்றும் கடமையாகும்.